காங்கோ குடும்பத்துக்குப் பூச்சி எண்டு ரிப்போட், குளிசை தராமல் மத்தியானம் வந்து இரத்தம் தா எண்டினம். ஏன்?

சுதா_ஸ்கார்பரோ

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப்போறன் பொறுத்துக்கொள்ளுங்கோ. நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்து ஒரு காங்கோ அகதிக் குடும்பத்தை கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணி எடுத்தனாங்கள். தாய் தகப்பன் மூண்டு பிள்ளையள். உகண்டாவில நக்கிவாலே எண்ட காம்பில பதினொரு வருசம் இருந்தவை, கடைசி ரெண்டும் அங்கதான் பிறந்ததுகள். வந்து ஆறு கிழமை ஆகுது.

கடைக்குட்டிக்கு நாலு வயசு. வந்த நாளில இருந்து வயித்தால போகுது, வயிறு ஊதிக்கொண்டு நிக்குது, நாத்தம் எண்டா அப்பிடி ஒரு நாத்தம். மலம் குடுத்துப் பாத்ததில மூண்டு பேர் எழுதி வந்திருக்கு: ஜியார்டியா, என்ட்டமீபா கோலை, பிளாஸ்டோசிஸ்டிஸ். டொக்டர் முதலாவதுக்கு மட்டும் மருந்து எழுதிப்போட்டு மற்ற ரெண்டையும் விடுங்கோ எண்டுட்டா. அதென்ன பூச்சியில பாதியை விடுறது?

தகப்பனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, மனுசன் மாடு மாதிரி வேலை செய்யுது. மலத்தில ஒண்டும் இல்லை. ஆனா இரத்தத்தில ஸ்ட்ராங்கிலாய்டஸ் எண்டு ஏதோ ஒரு குடல்புழுவுக்குப் பொசிட்டிவ். அதுக்குக் குளிசை கேட்டா, இப்ப தரமாட்டன், முதல் காலமை பத்துக்கும் பின்னேரம் ரெண்டுக்கும் இடையில வந்து இன்னொரு இரத்தம் குடுங்கோ எண்டுறா. சாப்பிட்டிட்டு வரலாமாம், நேரம்தான் முக்கியமாம். எனக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை.

இதுக்குள்ள எங்கட குழுவில ஒரு ஆள் தன்ர பிள்ளையளை அங்க அனுப்புறதை நிப்பாட்டிப்போட்டா. அந்த வீட்டுக் கக்கூசுக்குப் போகாதேங்கோ எண்டு வாட்ஸ்அப்பில வேற போட்டிருக்கிறா. தாய்க்கு அது எப்பிடியோ விளங்கிட்டுது, நேற்று நான் போக கதிரையைத் துடைச்சுத் துடைச்சு வைக்குது.

மதுரை_முத்து

அக்கா இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன், நம்ம ஊர்ல வருஷா வருஷம் பிப்ரவரி 10 ஆனா ஸ்கூல்லயும் அங்கன்வாடிலயும் அல்பெண்டசோல் 400 ஒண்ணு சப்பி முழுங்க சொல்றாங்க, அவ்ளோதான் மேட்டர். எங்க ஆத்தா அதுவும் இல்லாம விளக்கெண்ணெய் குடுத்தே ஆறு பேரை வளத்துச்சு, ஞாயித்துக்கிழமை வந்தாலே வீடே பாத்ரூம் வாசல்ல நிக்கும் 😂 அந்தாளுக்கும் ஒரு பூச்சி மாத்திரைய போட்டு விடுங்க.

லேப்_ராஜி

முத்து அண்ணே கொஞ்சம் நில்லுங்க. நான் மைக்ரோபயாலஜி லேப்ல பதினாறு வருஷமா இருக்கேன், பாதி நாள் வேலையே இந்த மல டப்பாக்களோடதான்.

சுதாக்கா, முதல்ல குட்டியோட ரிப்போர்ட். மூணு பேர் எழுதியிருந்தா மூணும் வியாதின்னு அர்த்தம் இல்ல, கண்ணுல பட்டதெல்லாம் எழுதித்தான் ஆகணும். என்ட்டமீபா கோலை சும்மா குடல்ல குடியிருக்கற ஆளு, வாடகையும் தராது வம்பும் பண்ணாது. பேரைப் பாத்து எல்லாரும் ஈ.கோலைன்னு நெனச்சுக்கறாங்க, அது பாக்டீரியா, இது வேற. சீதபேதி பண்றது ஹிஸ்டாலிட்டிகான்னு இதோட சொந்தக்காரன், அது இருந்தா டாக்டர் விட்டிருக்கவே மாட்டாங்க. ஆனா கோலை இருக்குன்னா எங்கயோ மலம் கலந்த தண்ணி வாய்க்குள்ள போயிருக்குன்னு தெரியுது, அது மட்டும்தான் அதோட சேதி. பிளாஸ்டோசிஸ்டிஸ் பத்தி இன்னும் சண்டை ஓடுது, பெரும்பாலும் கண்டுக்கறதில்ல.

ஜியார்டியாதான் குட்டிய படுத்துது. ஊதின வயிறு, எண்ணெய் மிதக்கற மாதிரி மலம், அந்த நாத்தம், எல்லாம் அதுதான். ஆமா நீங்க எல்லாரும் சேந்து அந்தக் குழந்தைக்கு நெறைய பால் குடுக்கறீங்களா?

சுதா_ஸ்கார்பரோ

ஐயோ ஓம், நாலு லீற்றர் பை பையா வாங்கி அடுக்கி வைச்சிருக்கிறம்! மெலிஞ்ச பிள்ளை எண்டு நாளுக்கு மூண்டு கப்.

லேப்_ராஜி

அதான் நெனச்சேன். ஜியார்டியா சிறுகுடல் சுவரை ஒரு வழி பண்ணிடும், பாலைச் செரிக்கற லாக்டேஸ் கொஞ்ச நாளைக்குக் கம்மியா சுரக்கும். மருந்து முடிஞ்சு பூச்சி போனப்புறமும் சில வாரம் பால் குடிச்சா பிச்சுக்கும், மருந்து வேலை செய்யலன்னு நெனச்சு திரும்ப ஓடுவீங்க. பாலைக் குறைச்சுட்டு தயிரா குடுத்துப் பாருங்க, கிளினிக்லயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கண்ணன்72

கேக்கறதுக்கே கஷ்டமா இருக்கு ஆனா ஒரு கேள்வி கேட்டா என்னைத் திட்டுவீங்க. பிளைட் ஏத்தறதுக்கு முன்னாடியே பாத்துட்டு ஏத்தினா என்ன? நாங்க எல்லாம் பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கறப்போ மெடிக்கல் எடுத்தோமே. அந்த அம்மா தன் பிள்ளைங்களை அனுப்பலங்கறதுல என்ன தப்பு இருக்கு

கீதா_மினியாபோலிஸ்

கண்ணன் சார், நீங்க எடுத்த கனடா மெடிக்கல்ல எக்ஸ்ரே, ரத்தத்துல ஹெச்ஐவி, சிபிலிஸ், அப்புறம் யூரின். உங்க மலத்தை யாராவது கேட்டாங்களா? கேக்க மாட்டாங்க. நீங்களும் நானும் எத்தனை பூச்சியோட பிளைட் ஏறினோம்னு நமக்கே தெரியாது 😄

நான் இங்க ரெஃப்யூஜி ஹெல்த் கிளினிக்ல நர்ஸ். அமெரிக்கா வர்ற அகதிங்களுக்கு நீங்க சொல்றது ஓரளவு நடக்குது, ஆனா டெஸ்ட் பண்ணி இல்ல, டெஸ்ட்டே பண்ணாம மாத்திரை குடுத்து. 1999லருந்து ஆப்ரிக்கா, தென்கிழக்கு ஆசியாலருந்து வர்றவங்களுக்கு ஏர்றதுக்கு முன்னாடியே ஒரு வேளை அல்பெண்டசோல். அதுல என்ன ஆச்சுன்னு எங்க மினசோட்டா கணக்கையே வெச்சுப் பாத்திருக்காங்க, 1993லருந்து 2007 வரைக்கும் வந்தவங்க. மாத்திரை போடாம வந்த 4,370 பேர்ல 20.8 சதவீதம் பேருக்கு மலத்துல ஏதோ ஒரு உருண்டைப்புழு வகை இருந்துச்சு, கொக்கிப்புழுதான் ஜாஸ்தி. போட்டுட்டு வந்த 22,586 பேர்ல வெறும் 4.7. ஒரே ஒரு மாத்திரை! அதனால முத்து அண்ணன் சொன்னது முழுக்கத் தப்பும் இல்ல. ஆனா அதே கணக்குல ஜியார்டியா குறையவே இல்ல, நத்தையால வர்ற ஷிஸ்டோசோமாவும் குறையல. ஸ்ட்ராங்கிலாய்டஸையும் ஒரு வேளை அல்பெண்டசோலை நம்பி விட முடியாது. அதனாலதான் பின்னாடி ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு ஐவர்மெக்டின், ஆப்ரிக்காக்காரங்களுக்கு ஷிஸ்டோசோமாவுக்காக பிராசிகுவாண்டலும் சேத்தாங்க.

பிள்ளைங்க விளையாடறதுக்கு வர்றேன். ஜியார்டியா மட்டும் கைல ஒட்டி வாய்க்குப் போற சமாச்சாரம், டேகேர்ல கனடாப் பிள்ளைங்களுக்கே வரும், சோப்பு போட்டுக் கை கழுவினா போதும். அப்பா உடம்புல இருக்கறது பக்கத்துல உக்காந்தா ஒட்டாது, அது ஈர மண்ணுல வெறுங்கால் வெச்சா தோல் வழியா ஏர்றது. ஃப்ளஷ் டாய்லெட்டும் ஸ்கார்பரோ குளிரும் இருக்கற வீட்ல யாருக்குப் பரவப் போகுது?

கண்ணன்72

சரி தெரியாம கேட்டேன். ஆனா முன்னாடியே எல்லாருக்கும் எல்லா மாத்திரையும் குடுத்துட்டா முடிஞ்சுதே, இவருக்கு மட்டும் ஏன் மத்தியானம் ரத்தம், அதுக்கு யாரும் பதில் சொல்லலயே

வேலூர்_சாமி

அதுக்குத்தான் வந்தேன். நைட் டியூட்டி முடிச்சுட்டு எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிக்கவும்.

ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு நல்ல மருந்து ஐவர்மெக்டின். அப்பா காங்கோல வளந்தவரு. அங்க காட்டுப் பக்கம் லோவா லோவான்னு இன்னொரு புழு உண்டு, மான் ஈ கடிச்சு வரும், தோலுக்கடியில ஊர்ந்து திரியும், சில நேரம் கண்ணோட வெள்ளை மேல குறுக்கால போறதை அவங்களே கண்ணாடில பாப்பாங்க. அது போடற குட்டிங்க ரத்தத்துல லட்சக்கணக்குல இருக்கலாம், ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த ஆளுக்குப் போய் ஐவர்மெக்டின் குடுத்தா குட்டிங்க மொத்தமா அடிபட்டு மூளைக்குள்ள ரத்தக்குழாய்ங்க பாதிச்சு கோமா வரைக்கும் போயிடும். ஒரு மில்லி ரத்தத்துல 30,000க்கு மேல இருந்தா ரொம்ப டேஞ்சர். ஆப்ரிக்கால ஆத்துக்குருடு நோய்க்கு ஊர் ஊரா இந்த மருந்தைக் குடுத்தப்போதான் இந்தப் பாடம் கத்துக்கிட்டது.

மத்தியானம் ஏன்னா, அந்த ஈ பகல்ல கடிக்கற ஈ. அது கடிக்கற நேரத்துக்கு ரெடியா இந்தக் குட்டிங்களும் பகல்ல ரத்தத்துக்கு வரும், ராத்திரி ஆனா நுரையீரல் பக்கம் போய் ஒதுங்கிக்கும். நம்ம ஊர் யானைக்கால் புழு இதுக்கு நேர் எதிர், கொசு ராத்திரி கடிக்குது, அதனால அது ராத்திரிதான் வரும். சின்ன வயசுல ராத்திரி பத்து மணிக்கு மேல சுகாதாரத்துறை ஆளுங்க வீட்டுக் கதவைத் தட்டி வெரல்ல குத்தி ரத்தம் எடுத்தது ஞாபகம் இருக்கா யாருக்காவது? அதே கணக்குதான். காலைல ஏழு மணிக்கு எடுத்து இல்லன்னு ரிப்போர்ட் வந்தா அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. உங்க டாக்டர் விவரமானவங்க, மாத்தாதீங்க.

மதுரை_முத்து

யப்பா, ஒரு மாத்திரைக்குள்ள இவ்ளோ கதையா. வாபஸ் வாங்கிக்கறேன்

ரவி_பிராம்ப்டன்

ஐவர்மெக்டின்னா கோவிட் டைம்ல குதிரை மருந்துன்னு கிண்டல் பண்ணாங்களே அதுவா? அப்ப மட்டும் வேணாம்னீங்க இப்ப நல்ல மருந்துங்கறீங்க. கோவால எல்லா அடல்ட்டுக்கும் குடுக்கறோம்னு கவர்மெண்டே அறிவிச்சுச்சு 2021ல

வேலூர்_சாமி

ரவி தம்பி, அதை வேணாம்னு சொன்னது கோவிடுக்கு. புழுவுக்கு அது தங்கமான மருந்து, அதுக்காகத்தான் 2015ல நோபல் பரிசே குடுத்தாங்க. இதுல ஒரு சுவாரசியம் இருக்கு: கோவிடுக்கு அது பலன் தந்த மாதிரி தெரிஞ்ச ட்ரையல் சிலது ஸ்ட்ராங்கிலாய்டஸ் நிறைய இருக்கற ஊர்கள்ல நடந்தது. கோவிட் பேஷண்டுக்கு டெக்ஸாமெத்தசோன் குடுப்பாங்க, அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு போட்டா இந்தப் புழு கட்டவுத்து விட்டுரும். அதைத்தான் ஐவர்மெக்டின் தடுத்திருக்கும், வைரஸை இல்லன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. எனக்கு அது நியாயமா படுது.

சுதா_ஸ்கார்பரோ

சாமி அண்ணை, கட்டவுத்து விடுறது எண்டா என்ன? மனுசனுக்கு ஒரு குறையும் இல்லை எண்டுதானே இருக்கிறன்.

லேப்_ராஜி

நான் சொல்றேன்க்கா, சாமி சார் தூங்கட்டும்.

மத்த குடல் உருண்டைப்புழுங்க பெரும்பாலும் முட்டை போடும், முட்டை வெளிய போய் மண்ணுல கிடந்து பக்குவமாகி திரும்ப இன்னொருத்தருக்குள்ள வரணும். அதனால புது ஊருக்கு வந்துட்டா ஒண்ணு ரெண்டு வருஷத்துல, மிஞ்சிப் போனா சில வருஷத்துல தானா செத்துரும். இது மட்டும் முட்டைய குடலுக்குள்ளயே பொரிச்சிரும், அந்தக் குட்டில கொஞ்சம் வெளிய போகாம அங்கயே துளைச்சு ரத்தத்துல ஏறி நுரையீரல் போய் தொண்டைக்கு வந்து முழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கே வந்துரும். அதாவது ஒரே ஆளுக்குள்ள தலைமுறை தலைமுறையா. ஆம்பளைப் புழுகூடத் தேவையில்ல. ஊரை விட்டு வந்து நாப்பது வருஷம் ஆனாலும் உள்ள குடும்பம் நடக்கும். உடம்போட எதிர்ப்பு அதை ஒரு அளவுல அடக்கி வெச்சிருக்கும், ஆளுக்கு எப்பவாவது வயித்த வலி, அரிப்பு, அவ்ளோதான். ஆஸ்துமா, மூட்டுவலி, கிட்னின்னு யாராவது ப்ரெட்னிசோன்னு ஸ்டீராய்டு எழுதினா அந்தக் காவல் போச்சு. லட்சக்கணக்குல பெருகி குடல்லருந்து கிளம்பும், கூடவே குடல் பாக்டீரியாவையும் ஒட்டிக்கிட்டு ரத்தத்துக்கும் மூளைக்கும் கொண்டு போகும். அப்படி ஆனவங்கள்ல பொழைக்கறவங்க கம்மி.

நான் ஒரு தடவை பாத்தேன். பெரியவர் ஒருத்தர், நுரையீரல்ல ஏதோன்னு ஸ்டீராய்டு ஓடிட்டு இருந்துச்சு. அவரோட சளி கல்ச்சருக்கு வந்தது, நான் வழக்கமா பண்ற மாதிரி தட்டுல கோடு இழுத்து இன்குபேட்டர்ல வெச்சேன். மறுநாள் எடுத்தா நான் இழுத்த கோட்டுல பாக்டீரியா இல்ல. தட்டு பூரா வளைஞ்சு வளைஞ்சு புள்ளி புள்ளியா கோலம் போட்ட மாதிரி காலனி. மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தா அந்தப் புள்ளிக்கோட்டோட முடிவுல ஒரு புழு, உயிரோட, இன்னும் போயிட்டு இருக்கு. ராத்திரி பூரா தட்டு மேல நடந்து நடந்து பாக்டீரியாவை விதைச்சுட்டுப் போயிருக்கு. போனை எடுத்து வார்டுக்கு சொல்றப்போ கை நடுங்குச்சு. ஐவர்மெக்டின் குடுத்தாங்க, நாலாம் நாள் போயிட்டாரு. அவரு அந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல, ரத்த ரிப்போர்ட்ல ஈயோசினோஃபில் (புழுவோ அலர்ஜியோ இருந்தா கூடற வெள்ளை அணு) பல வருஷமா ஜாஸ்தி ஜாஸ்தின்னு வந்துட்டே இருந்திருக்கு, அலர்ஜின்னு விட்டிருக்காங்க.

அதனால சுதாக்கா, குட்டியோட நாத்தத்துக்கு எல்லாரும் பயந்தீங்க, அது ஒரு வாரத்துல போயிரும். சத்தமே போடாம இருக்கற அப்பாவோட ரிப்போர்ட்தான் பெருசு.

பினாங்கு_செல்வி

ராஜி எழுதினத படிச்சு முடிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மாவே உக்காந்துட்டேன். எங்க தாத்தா, உலகப் போர் சமயத்துல ஜப்பான்காரன் எஸ்டேட்லருந்து சயாம் மரண ரயில் போட புடிச்சிட்டுப் போனவங்கள்ல ஒருத்தர். திரும்பி வந்தவங்க கொஞ்சம் பேருதான் லா. சாகற வரைக்கும் இடுப்புல, பின்பக்கத்துல திடீர்னு ஒரு கோடு கிளம்பும், செவப்பா, கண் முன்னாடியே நீளும், கொஞ்ச நேரத்துல விரல்கடை தூரம் போயிடும், மறுநாள் இருக்காது. பாட்டி அக்கின்னு நெனச்சு செம்மண் பூசும். அது இதுவா இருக்குமா?

வேலூர்_சாமி

இருக்கலாம்மா, அவரைப் பாக்காம உறுதியா சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்ன ஓடற கோடு இந்தப் புழுவோட கையெழுத்து மாதிரி, அவ்வளவு வேகமா வேற எதுவும் போகாது. அதே ரயில் பாதைல வேலை செஞ்ச பிரிட்டிஷ் போர்க்கைதிங்களை லிவர்பூல்ல கூப்பிட்டு செக் பண்ணப்போ முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் புழு உயிரோட இருந்துச்சு, அவங்களுக்கும் இதே கோடுதான். அதுலருந்துதான் இது இவ்ளோ காலம் தங்கும்னு உலகத்துக்கே நல்லா புரிஞ்சுது. நம்ம தாத்தாவுக்கு செம்மண்தான் கிடைச்சுது.

மண்டபம்_பெடியன்

கண்ணன் அண்ணா கேட்டதுக்கு ஒண்டு சொல்லணும், கோவமா இல்லை. நான் 90ல கள்ளத்தோணியில ராமேஸ்வரம் வந்து இறங்கினவன், எட்டு வயசு. மண்டபம் காம்ப்ல வரிசையில நிப்பாட்டி மருந்து குடுத்தாங்க, எதுக்குன்னு யாரும் சொல்லல, அம்மா முழுங்குன்னா முழுங்கினேன். காம்புக்கு வெளிய கடையில தண்ணி கேட்டா தம்ளரைத் தூக்கிப் புடிச்சு ஊத்துவாங்க. அது புழுவை விட நாளாச்சு போறதுக்கு.

பிறகு பெரிசாகி வாசிச்சுப் பாத்தா, அந்த காம்பை முதல்ல கட்டினதே இலங்கைத் தோட்டத்துக்குப் போற தமிழ் ஆட்களைத் தடுத்து வச்சு வியாதி பாத்து அனுப்பத்தானாம், வெள்ளைக்காரன் காலத்தில. எங்கட சனம் அந்தப் பக்கம் போகேக்கயும் அங்கதான் நிண்டிருக்கு, பல பத்து வருசம் கழிச்சு இந்தப் பக்கம் ஓடி வரேக்கயும் அங்கதான் நிண்டது. 1916ல அமெரிக்க ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆட்கள் இலங்கைத் தோட்டங்கள்ல கொக்கிப்புழுவுக்கு மருந்து குடுக்க இறங்கினாங்க. அந்தக் காலத்து கொக்கிப்புழு மருந்து தைமோல், நம்ம ஓமத்தில இருந்து எடுக்கறது. ஒரு பக்கம் நல்ல காரியம். ஆனா லயத்துக்குக் கக்கூஸ் கட்ட தோட்டத்துரைக்குக் காசு இல்லை, கூலிதான் புழுவைக் கொண்டு வந்தான்னு எழுத மட்டும் தாள் இருந்துது.

சுதாக்கா, அந்தத் தாய் கதிரை துடைச்சுதுன்னு எழுதினீங்களே. துடைக்கறதுக்கு முதல்லயே நீங்க போய் உக்காந்துடுங்க.

கண்ணன்72

தம்பி புரியுது. நான் அப்படி அர்த்தத்துல கேக்கல, ஆனா கேட்ட விதம் அப்படித்தான் இருந்துச்சு

கீதா_மினியாபோலிஸ்

இன்னொண்ணு சுதா, வீட்ல மொழி பிரச்சனைன்னா மூத்த பையனை மொழிபெயர்க்க விடாதீங்க. அப்பாவோட மலம், அம்மாவோட அந்தரங்கம் எல்லாம் சின்னப் பையன் வாயால வரக்கூடாது. ஸ்வாஹிலி இன்டர்பிரட்டர் போன்ல கிடைப்பாங்க, கிளினிக்ல கேளுங்க. டப்பாவை எப்படி யூஸ் பண்றதுன்னு படம் போட்டுக் காட்டுங்க, இங்க ஒரு வீட்ல அந்த டப்பால இருந்த பதப்படுத்தற மருந்தைக் கழுவிக் கொட்டிட்டு சுத்தமா திருப்பிக் குடுத்தாங்க பாவம், அழுக்கா இருக்குன்னு நெனச்சு.

சுதா_ஸ்கார்பரோ

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

மனுசனை பதினொண்டரைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் குடுத்தாச்சு. இன்டர்பிரட்டர் மூலமா டொக்டர் கண்ணில புழு ஓடினதோ எண்டு கேட்க மனுசன் சிரிச்சுக்கொண்டு, தனக்கு இல்லை, தன்ர மாமாவுக்கு ஓடினது, ஊசியால எடுத்தவை எண்டு சொல்லிச்சுது. கிளினிக்கில எல்லாரும் எழும்பி நிண்டிட்டினம். நல்லகாலம் இரத்தத்தில ஒண்டும் இல்லை, ஐவர்மெக்டின் ரெண்டு நாள் குடுத்திட்டினம். தாய்க்கும் மூத்தவனுக்கும் பாத்தாச்சு, மூத்தவன்தான் மற்ற நத்தைப் பூச்சிக்குப் பொசிட்டிவ், அதுக்கும் மருந்து வந்திட்டுது. குட்டிக்குப் பாலை நிப்பாட்டி தயிர் குடுத்தம். ராஜி, உமக்கு ஒரு கும்பிடு. குட்டி முதல்ல முகத்தைச் சுழிச்சுது, இப்ப சீனி போட்டுக் கேட்குது. எங்கட வாட்ஸ்அப் ஆள் இன்னும் வரேல்லை, ஆனா போன சனிக்கிழமை பிள்ளையளை இறக்கிவிட்டிட்டு காரிலயே இருந்தவ.

இப்ப வேற பிரச்சினை. ராஜி எழுதினதை வாசிச்சிட்டு என்ர அம்மாவின்ர பழைய இரத்த ரிப்போட் எல்லாம் தேடி எடுத்தன். அம்மா 91ல வன்னியில இருந்து வந்தவ, வயலுக்க வெறுங்காலோட நிண்ட மனுசி. ஈயோசினோஃபில் 2014ல 900, 2017ல 1,100, போன வருசம் 1,000. ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில சின்ன எழுத்தில கூட எண்டு போட்டிருக்கு, ஒருத்தரும் ஒண்டும் கேட்கேல்லை. அடுத்த மாசம் மூட்டுக்கு ஸ்டீராய்டு தொடங்கப் போகினம். குடும்ப டொக்டரிட்ட நேற்று கேட்டன், அது ஆப்பிரிக்கா ஆட்களுக்கு வாறது எண்டார். ராஜி, சாமி அண்ணை, அந்த இரத்தப் பரிசோதனையை எந்தப் பேர் சொல்லிக் கேட்டா எழுதித் தருவார்?

வேலூர்_சாமி

ஸ்ட்ராங்கிலாய்டஸ் செராலஜின்னு கேளுங்க. ஸ்டீராய்டு தொடங்கறதுக்கு முன்னாடி வேணும், இலங்கைல வயல்ல வெறுங்காலோட வேலை செஞ்சவங்க, பத்து வருஷமா ஈயோசினோஃபில் ஜாஸ்தி, இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதிக் கைல குடுங்க. ரிசல்ட் வர சில வாரம் ஆகும், அதனால இந்த வாரமே போங்க. மூட்டு டாக்டருக்கும் ஒரு காப்பி.

சுதா_ஸ்கார்பரோ

புதன்கிழமைக்கு அப்பொயின்மென்ட் எடுத்திட்டன்.